போட்டோ பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் எந்த இணைப்பு?

போட்டோ பிரிண்டரோ ஸ்கேனரோ வாங்க நினைப்பவர்கள் மைகளின் எண்ணிக்கையையும் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) அளவையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். பெட்டியின் ஓரத்தில் ‘யூஎஸ்பி, ஈதர்நெட், வைஃபை’ என்று அச்சிட்டிருக்கும் வரியைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். அதைக் கவனிப்பவர்களும் ‘எது வேகம்?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வேகம் என்பது ஸ்கேனர் விஷயத்தில் ஓரளவு முக்கியம். பிரிண்டர் விஷயத்தில் மிகக் குறைவான முக்கியத்துவமே கொண்டது. எந்த வழியாக இணைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணினி எந்த டிரைவரை, அதாவது கருவியோடு பேசும் மென்பொருளை, தேர்ந்துகொள்கிறது, அந்த டிரைவர் கருவியின் எந்தெந்தத் திறன்களை நம் கைக்குத் தருகிறது, எவற்றை மறைத்துவிடுகிறது என்பதுதான் படத்தின் தரத்தை நேரடியாகத் தொடுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் வேகக் கணக்கை முதலில் முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அது மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கும்.

நான்குக்கு ஆறு அங்குலப் போட்டோ ஒன்றை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் அது ஏறத்தாழ 6.5 மெகாபைட். அதே படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் நான்கு மடங்காகி 26 மெகாபைட் ஆகிறது. ஏ4 அளவு முழுவதையும் 1200 டிபிஐயில், ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் ஆழத்தில் (வழக்கமான 8 பிட்டைவிட நுணுக்கமான நிறப் பதிவில்) எடுத்தால் 830 மெகாபைட்டைத் தாண்டும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் ஒரு சட்டகத்தை 4000 டிபிஐயில் 16 பிட்டாக எடுத்தால் சுமார் 128 மெகாபைட். தூசியையும் கீறலையும் கண்டுபிடிக்கப் பயன்படும் அகச்சிவப்புப் பதிவையும் சேர்த்துக்கொண்டால் 170 மெகாபைட். ஜேபெக் ஆகச் சேமித்தால் கோப்பு சிறியதாகிவிடுமே என்று கேட்கலாம். யூஎஸ்பி வழியாக வேலை செய்யும் நல்ல ஸ்கேனர்களில் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் கணினிக்குள் வந்த பிறகுதான் நடக்கிறது. கேபிளில் பயணிப்பது சுருக்கப்படாத தரவு.

இந்தத் தரவைக் கொண்டுவரும் பாதைகளின் கொள்ளளவு இப்படி. 1990-களின் பிற்பகுதியில் பரவிய யூஎஸ்பி 1.1-இன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு ஒரு மெகாபைட் வந்தாலே அதிகம். 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0 அதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் என்பதை விளம்பரங்கள் நினைவூட்டுவதில்லை. வகுத்தால் 60 வருகிறது, பரிமாற்றச் சடங்குகளுக்கான கழிவு போக 30 முதல் 40 வரை நிஜமாகக் கிடைக்கும். 2008-இல் அறிவிக்கப்பட்ட யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட். அதற்குப் பிறகு அதே வேகத்துக்கு ‘3.1 ஜென் 1’ என்றும் ‘3.2 ஜென் 1’ என்றும் பெயரை மாற்றி மாற்றி வைத்தார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் வேகம் அதேதான்.

மேலே சொன்ன 128 மெகாபைட் நெகட்டிவ், யூஎஸ்பி 1.1-இல் இரண்டு நிமிடங்களுக்கு மேல் எடுக்கும், யூஎஸ்பி 2.0-இல் நான்கைந்து நொடிகள் போதும். ஸ்கேனரின் உணரி அந்தச் சட்டகத்தை வரி வரியாகப் படித்து முடிக்கவே அதைவிட நெடுநேரம் ஆகும் என்பதால், யூஎஸ்பி 2.0-க்கு மேல் போவதில் ஃபிலிம் ஸ்கேனருக்கும், கண்ணாடித் தட்டில் படத்தை வைக்கும் பிளாட்பெட் ஸ்கேனருக்கும் கண்கூடான ஆதாயம் இல்லை. எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி850 போன்ற உயர்தரப் பிளாட்பெட் ஸ்கேனரே யூஎஸ்பி 2.0 இணைப்போடு நிற்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அதைக் குறையாகக் கருதவில்லை. கட்டுக்கட்டாகப் போட்டோக்களை உள்ளிழுத்து நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளும் ஷீட்ஃபெட் ஸ்கேனர்களுக்கு மட்டும் யூஎஸ்பி 3.0 பொருளுள்ளதாக இருக்கிறது.

பாதை குறுகலாக இருந்தால் நேரம் கூடுவது மட்டுமே சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. பிளாட்பெட் ஸ்கேனருக்குள் சிறிய நினைவகம் ஒன்று இருக்கிறது. உணரி படித்த வரிகள் அங்கே தங்கிக் கணினிக்குப் போகின்றன. கணினி எடுத்துக்கொள்ளும் வேகம் குறைந்தால் அந்த நினைவகம் நிரம்பிவிடும். அப்போது ஸ்கேனரின் தலைப்பகுதி நடுவழியில் நின்று, சற்றே பின்னுக்குப் போய், விட்ட இடத்தைப் பிடித்து மீண்டும் நகரும். காதில் விழும் விட்டுவிட்டு ஓடும் ஓசை இதனால்தான். நல்ல இயந்திரத்தில் இந்தத் தையல் கண்ணுக்குத் தெரியாது. சுமாரான இயந்திரத்தில் மெல்லிய கோடாகவோ, ஒரு புள்ளி அளவுப் பிசகாகவோ பதிந்துவிடும். முகங்களிலும் வானத்திலும் அது உறுத்தும். ஆகவே, பெரிய அளவில் ஸ்கேன் செய்யும்போது இந்த ஓசை கேட்டால் கேபிளையும் ஹப்பையும் கணினியின் டிஸ்க்கில் மிச்சமிருக்கும் இடத்தையும் சோதித்துப் பார்ப்பது நலம்.

பழைய ஸ்கேனர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ஃபிலிம் ஸ்கேனர்களில் இன்றும் விரும்பி வாங்கப்படுபவை பல, உற்பத்தி நின்றுபோன பழைய மாடல்கள். யூஎஸ்பிக்கு முந்தைய பேரலல் போர்ட்டில் இயங்கிய ஸ்கேனர்களை மறந்துவிடலாம். ஸ்கஸி (SCSI) என்ற பழைய இணைப்பு கொண்டவை 1990-களில் தொழில்முறைக் கருவிகளாக இருந்தவை. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண், வரிசையின் கடைசியில் அதை முடித்துவைக்கும் டெர்மினேட்டர், கணினியில் தனி அட்டை என்று அவை கேட்கும் உபசாரம் அதிகம். பழைய கணினி ஒன்றை அதற்காகவே உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அவற்றைப் பரிந்துரைப்பேன்.

ஃபயர்வயர் என்ற இணைப்பின் கதை வேறு. 1995-இல் ஐஈஈஈ 1394 என்ற தரநிலையாக வந்த அது, நொடிக்கு 400 மெகாபிட் என்று யூஎஸ்பி 2.0-ஐவிடக் குறைந்த எண்ணைத் தாங்கியிருந்தாலும், தொடர்ச்சியான பரிமாற்றத்தில் அதற்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது. நிக்கானின் சூப்பர் கூல்ஸ்கேன் 9000 ஈடி ஃபயர்வயரில்தான் இயங்குகிறது. எப்சன் வி700, மினோல்டாவின் டிமாஜ் ஸ்கேன் எலீட் 5400 ஆகியவற்றில் ஃபயர்வயர், யூஎஸ்பி 2.0 இரண்டுமே உண்டு. அன்று ஃபயர்வயர் இருந்தால் கூடுதல் பெருமை. இன்றோ அந்தப் போர்ட் புதிய கணினிகளில் இல்லை. தண்டர்போல்ட்டிலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடாப்டர்களை அடுக்கித்தான் இணைக்க முடியும். 2025-இல் வெளிவந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது. எனவே ஒரே தரத்தில் இரண்டு பழைய ஸ்கேனர்கள் கிடைத்தால், யூஎஸ்பி உள்ளதை எடுங்கள் என்பேன். நிக்கானிலேயே, 35 மில்லிமீட்டர் ஃபிலிம் மட்டும் போதும் என்பவர்களுக்கு யூஎஸ்பியில் இயங்கும் சூப்பர் கூல்ஸ்கேன் 5000 ஈடியும் கூல்ஸ்கேன் 5 ஈடியும் தொல்லை குறைந்தவை.

கேபிள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. நிக்கானின் சொந்த ஸ்கேன் மென்பொருள் 64 பிட் விண்டோஸுக்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. தயாரிப்பாளர் கைவிட்ட இத்தகைய கருவிகளுக்கு வியூஸ்கேன் போன்ற மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் சொந்த டிரைவரோடு கைகொடுக்கின்றன. பழைய ஸ்கேனர் வாங்கும் முன், இணைப்பு, இயங்குதளம், மென்பொருள் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அந்த மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

கேபிளைப் பற்றிய சில சில்லறைச் செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், யூஎஸ்பி 3.0-க்கு 3 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கேனான் லைட் (LiDE) வரிசை போன்ற மெல்லிய ஸ்கேனர்கள் மின்சாரத்தையும் யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்பவை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரக்கூடியது. அதைத் தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பில் நாலைந்து கருவிகளோடு பங்குபோட்டால், ஸ்கேனர் பாதியில் காணாமல் போகும். டைப் சி கேபிள்களில் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படுபவையும் கலந்து கிடக்கின்றன. அவற்றில் தரவுக் கம்பி இருக்காது. பழைய யூஎஸ்பி 2.0 ஸ்கேனர் புதிய யூஎஸ்பி 3 போர்ட்டில் முரண்டுபிடித்தால், நடுவில் ஒரு யூஎஸ்பி 2.0 ஹப்பை வைத்துப் பார்க்கலாம். பல வேளைகளில் அது சரிப்படுத்திவிடுகிறது.

இனி பிரிண்டர். ஸ்கேனரில் தரவு கருவியிலிருந்து கணினிக்கு வருகிறது, பிரிண்டரில் போகிறது என்பது மட்டும் வேறுபாடு இல்லை. பதின்மூன்றுக்குப் பத்தொன்பது அங்குலப் படத்தை 360 பிபிஐயில் தயாரித்தால் அது 96 மெகாபைட். ஆனால் பெரும்பாலான போட்டோ இங்க்ஜெட் பிரிண்டர்களில் டிரைவர் அந்தப் படத்தைக் கணினியிலேயே ஒவ்வொரு மைக்குமான புள்ளிகளாகப் பிரித்து அனுப்புகிறது என்பதால், உண்மையில் போகும் தரவு படத்தின் அளவோடு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. உயர்தர அமைப்பில் பல நூறு மெகாபைட்டுகளாகவும் வளரலாம். இருந்தாலும் அந்தத் தாள் அச்சாகி முடியப் பல நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களுக்குள் சீராகத் தரவு வந்துகொண்டிருந்தால் போதும். நொடிக்குச் சில மெகாபைட்டுகளே தாராளம். இதனால்தான் பிரிண்டருக்கு வேகம் பெரிய பொருட்டில்லை என்றேன். பொருட்டாக இருப்பது சீர்மை. தரவு வராமல் அச்சுத்தலை தாளின் ஓரத்தில் காத்து நின்றால், முந்தைய வரியின் மை உலர்ந்த அளவும் அடுத்த வரியின் மை உலரும் அளவும் மாறிப்போய், அடர்ந்த நிறங்களில் பட்டை விழ வாய்ப்பிருக்கிறது. இணைப்பு முழுவதும் அறுந்துபோனால் தாளும் மையும் வீண்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட்டும், ஆண்ட்ராய்டு உலகில் உள்ள மோப்ரியாவும், விண்டோஸில் உள்ள பொது ஐபிபி டிரைவரும் ஒரே கொள்கையில் அமைந்தவை: தயாரிப்பாளரின் தனி டிரைவர் தேவையில்லை; எந்தப் பிரிண்டரும் ஒரே பொதுமொழியில் பேசும். கடிதமும் ரசீதும் அச்சிடுபவருக்கு இது வரம். மைக்ரோசாஃப்ட்டும் 2023-இல், தயாரிப்பாளர்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது; எனவே காற்று அந்தத் திசையில்தான் வீசுகிறது. போட்டோ அச்சிடுபவருக்கோ இந்தப் பொதுமொழியில் சொற்கள் போதவில்லை.

ஏன் என்று விளக்குகிறேன். போட்டோ அச்சில் ‘தாளின் வகை’ என்ற தேர்வு எவ்வளவு மை கொட்டலாம், எந்தக் கறுப்பு மை, தாளுக்கும் அச்சுத்தலைக்கும் எவ்வளவு இடைவெளி என்பவற்றையெல்லாம் சேர்த்துத் தீர்மானிக்கிறது. தாள் தயாரிப்பாளர் தரும் ஐசிசி புரொஃபைல் (நிறங்களை அந்தத் தாளுக்கேற்ப மாற்ற உதவும் கோப்பு), குறிப்பிட்ட ஒரு தாள் வகையைத் தேர்ந்திருந்தால் மட்டுமே பொருந்துமாறு செய்யப்பட்டது. தயாரிப்பாளரின் டிரைவரில் இருபது முப்பது தாள் வகைகள் இருக்கும். அதே பிரிண்டரைப் பொது டிரைவரில் இணைத்தால் அவை ‘சாதாரணத் தாள்’, ‘போட்டோ தாள்’, ‘மேட்’ என்று சுருங்கிவிடுவது வழக்கம். அதைவிடப் பெரிய இழப்பு, டிரைவரின் நிறத் திருத்தத்தை முற்றிலும் அணைத்துவைக்கும் வசதி பல நேரங்களில் காணாமல் போவது. போட்டோஷாப்போ லைட்ரூமோ புரொஃபைலைக் கொண்டு நிறத்தை மாற்றி அனுப்ப, டிரைவர் தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றினால், தோல் நிறம் செம்மை ஏறியோ நிழல்கள் இருண்டோ வெளியே வரும். ‘திரையில் சரியாகத்தானே இருந்தது’ என்று மானிட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பவர்களில் பலர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இணைப்பு வகை இதில் எங்கே வருகிறது என்றால், கணினி தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் இந்தப் பொது டிரைவரோடுதான் பட்டியலில் சேர்கின்றன. மேக்கில் பிரிண்டரைச் சேர்க்கும்போது கீழே ஒரு சிறு பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று தானாக நிரம்பியிருக்கும். அதைத் திறந்து தயாரிப்பாளரின் பெயரோடு உள்ள டிரைவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். யூஎஸ்பியில் இணைத்தால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது, யூஎஸ்பி வழியாகவும் ஏர்பிரிண்ட் வரக்கூடும். தயாரிப்பாளரின் டிரைவரை முதலில் நிறுவிவிட்டு, அது கேட்கும்போது கேபிளைச் செருகுவதே ஒழுங்கான வரிசை. ஒரே பிரிண்டரை யூஎஸ்பி வழியாகவும் நெட்வொர்க் வழியாகவும் சேர்த்தால் கணினிக்கு அவை இரண்டு தனிப் பிரிண்டர்கள். விண்டோஸில் யூஎஸ்பி போர்ட்டை மாற்றிச் செருகினாலே ‘நகல் 1’ என்று இன்னொன்று முளைத்துவிடுவதும் உண்டு. பழையதில் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைப்புகள் புதியதில் இருக்காது.

ஈதர்நெட்டா வைஃபையா என்றால், பிரிண்டரை மேசையிலிருந்து தள்ளி வைக்க வேண்டியவர்களுக்கு நான் தயங்காமல் ஈதர்நெட்டைச் சொல்வேன். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும்; 100 மெகாபிட் போர்ட்டாக இருந்தாலும் நொடிக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் சீராகக் கிடைக்கும்; இரண்டு மூன்று கணினிகள் பகிர்ந்துகொள்ளலாம். எப்சன் பி900, கேனான் புரோ 1000 போன்ற போட்டோ பிரிண்டர்களில் யூஎஸ்பி, ஈதர்நெட், வைஃபை மூன்றுமே இருக்கின்றன. பல பிரிண்டர்களில் ஈதர்நெட்டும் வைஃபையும் ஒரே நேரத்தில் இயங்காது. ஒன்றை அணைத்தால்தான் மற்றது விழிக்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கி, விண்டோஸ் தானாக அமைக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதிலாக அந்த முகவரிக்கான டிசிபி/ஐபி போர்ட்டை அமைத்துவிட்டால், காரணமில்லாமல் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

வைஃபையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் பிரிண்டர்களுக்குள் இருக்கும் வைஃபை பல மாடல்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். அந்த அலைவரிசையில்தான் புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும், சுவருக்கு அப்பால் இருப்பவர்களின் ரவுட்டர்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கணினி விருந்தினர் நெட்வொர்க்கில் இருந்தால் பிரிண்டர் கண்ணுக்கே தெரியாது. சிறிய போட்டோக்களுக்கு இவை எதுவும் பெரிய தடையில்லை. கேனான் செல்ஃபி போன்ற சாயப் பதங்கமாதல் முறைப் (வெப்பத்தால் சாயத்தைத் தாளில் ஏற்றும்) பிரிண்டர்கள் 300 டிபிஐயில் நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அச்சிடுபவை. ஆறரை மெகாபைட்டுக்கு வைஃபை ஏராளம். ஃபூஜிஃபில்மின் இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க்குக்கு வெறும் 600-க்கு 800 புள்ளிகள் என்பதால் புளூடூத்தே போதுமானதாக இருக்கிறது. பெரிய தாளிலும் சுருள் தாளிலும் அச்சிடுபவர்கள்தான் வைஃபையை நம்பி விலையுயர்ந்த தாளை உள்ளே விடலாமா என்று யோசிக்க வேண்டியவர்கள்.

ஸ்கேனரை வைஃபையில் இணைப்பதற்கு நான் எதிரி என்றே சொல்லிவிடலாம். நொடிக்கு நான்கு மெகாபைட் வந்தால், மேலே சொன்ன 830 மெகாபைட் ஏ4 ஸ்கேனுக்கு மூன்றரை நிமிடம் வெறுமனே கடத்துவதற்கே போகும். அதைவிட முக்கியமாக, மல்டிஃபங்க்‌ஷன் கருவிகளை நெட்வொர்க் வழியாக, டிரைவர் இல்லாத பொது முறையில் ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் 8 பிட் நிறமும், முன்கூட்டியே சுருக்கப்பட்ட ஜேபெக்கும்தான் கிடைக்கின்றன. 16 பிட் ஆழமும், டிபிஐயின் மேல் எல்லையும் பெரும்பாலும் யூஎஸ்பியில் தயாரிப்பாளரின் ட்வைன் (TWAIN) எனப்படும் ஸ்கேன் டிரைவர் வழியாகத்தான் திறக்கின்றன. விண்டோஸில் ட்வைன், வியா (WIA, விண்டோஸின் சொந்த ஸ்கேன் முறை) என்று இரண்டு பாதைகள் தென்பட்டால், போட்டோவுக்கு ட்வைனையே எடுக்கலாம். எளிமைக்காக உருவான வியாவில் அமைப்புகள் குறைவு. மங்கிய பழைய போட்டோக்களை மீட்பவர்களுக்கு 16 பிட் என்பது ஆடம்பரம் இல்லை. வெளுத்துப்போன நிறத்தை இழுத்து விரிக்கும்போது 8 பிட் படத்தில் வானம் படிக்கட்டாக உடைந்துவிடும்.

ஆக, என் மேசையில் ஸ்கேனர் ஹப் எதுவும் இடையில் இல்லாமல் கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் நேரடியாக இருக்கிறது. போட்டோ பிரிண்டர் ஈதர்நெட்டில். கடிதங்களுக்கான சிறு பிரிண்டர் மட்டும் வைஃபையில். புதிதாக வாங்கியவர்கள் இதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. பிரிண்டரை எந்த வழியாக இணைத்தாலும், முதல் படத்தை அனுப்பும் முன் அச்சுப் பெட்டியைத் திறந்து தாள் வகைகளின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய தாளின் பெயரோ, புரொஃபைலோடு வந்த குறிப்பில் சொல்லியிருக்கும் தாள் வகையோ அதில் இருக்கிறதா, நிறத் திருத்தத்தை அணைக்கும் தேர்வு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் அந்த இணைப்பு எதுவானாலும் சரி. இல்லையென்றால் அந்தப் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவி, மறுபடி சேர்க்க வேண்டும். ஸ்கேனருக்கும் இதே சோதனைதான்: ஸ்கேன் மென்பொருளில் 48 பிட் நிறம் (மூன்று நிறங்களுக்கும் 16 பிட் வீதம்) என்ற தேர்வும், பெட்டியில் அச்சிட்டிருந்த டிபிஐ அளவும் கண்ணில் படுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் ஆல்பத்தைப் பிரிக்க வேண்டும்.